விமானம் ரத்தானால் மணி என்ன செய்வான்? நாய், பூனையோடு நாடு மாறுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 ஜூன் 23 சாயங்காலம் கத்தார் தன் வான்வெளியை மூடியது. மறுநாள் விடிகாலை எங்கள் நாய் மணி தோஹாவிலிருந்து சென்னைக்குக் கிளம்ப வேண்டியவன். ஹாலில் கூண்டு தயாராக இருந்தது. அதன் மேலே மஞ்சள் உறைக்குள் அவனுடைய காகிதங்கள். அடுத்த சில மணி நேரத்தில் வான்வெளி திறந்துவிட்டது. ஆனால் மணி ஊருக்குக் கிளம்ப 16 நாள் ஆயிற்று.

அந்த 16 நாளில் பட்டுத் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு போனில் கேட்ட குடும்பங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதையும் கேள்வி பதிலாக எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறவர்களை மனதில் வைத்தது. இங்கிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கும் சில பதில்கள் உண்டு.

மறுநாளே விமானங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. பிராணிகளை மட்டும் ஏன் ஏற்ற மறுக்கிறார்கள்?

விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தேங்கிக் கிடக்கும்போது நிறுவனங்கள் முதலில் மனிதர்களை அனுப்பப் பார்க்கும். உயிருள்ள சரக்கை ஏற்பதைச் சில நாள் நிறுத்திவைப்பது அப்போது வழக்கம். கோபம் வரும், ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. எப்போது கிளம்பும் என்று தெரியாத விமானத்தில் நாயை ஏற்றி, வெயிலில் நிற்கும் விமானத்தின் சரக்கறைக்குள் அதைக் காக்க வைப்பதைவிட ஏற்றாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது காரணம் காகிதம். டிக்கெட்டைத் தேதி மாற்றிக்கொள்ளலாம். நாயின் சான்றிதழ்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேதி இருக்கிறது. ஒன்று காலாவதியானால் அதை நம்பி நிற்கும் அடுத்ததும் விழும். எங்களுக்கு நடந்தது அதுதான். உடல்நலச் சான்றிதழ் செல்லாமல் போனது, அதைத் திரும்ப வாங்க டாக்டரிடம் நாள் கிடைக்கவில்லை, அது இல்லாமல் கார்கோவில் இடம் போட முடியவில்லை.

எந்தக் காகிதம் எத்தனை நாள் தாங்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்தியாவுக்குள் வர, ரேபிஸ் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கடந்திருக்க வேண்டும், ஓராண்டு தாண்டியிருக்கக் கூடாது. ஊசி மருந்தின் பெட்டியில் மூன்றாண்டு செல்லும் என்று போட்டிருந்தாலும் ஓராண்டுக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் ஓராண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது பயணத் தேதி வைத்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். விமானம் தள்ளிப்போகும், அதற்குள் ஊசி காலாவதியாகிவிடும். பிறகு புது ஊசி போட்டு இன்னொரு மாதம் உட்கார வேண்டும். ஆகவே பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஊசியைப் புதுப்பித்துவிடுங்கள். அவகாசம் இரு பக்கமும் கிடைக்கும்.

உடல்நலச் சான்றிதழ் இதற்கு நேர் எதிர். பயணத்துக்கு ஒட்டி வாங்க வேண்டியது. பல விமான நிறுவனங்கள் 10 நாளுக்குள் வாங்கியதைத்தான் ஏற்கும். செய்திகளில் பதற்றம் தெரியும் வாரங்களில் அதைக் கடைசி இரண்டு மூன்று நாளுக்குத் தள்ளி வாங்குங்கள். டாக்டரிடம் முன்கூட்டியே, "விமானம் தள்ளிப்போனால் திரும்ப எழுதித் தருவீர்களா, அதற்கு எந்த நாளில் வரலாம்" என்று கேட்டு வையுங்கள். நான் கேட்டு வைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அதிகாரபூர்வ சான்றிதழ் 10 நாளுக்குள் எல்லையைத் தொட வேண்டும். அதோடு உங்கள் பயணத்துக்கும் பிராணியின் பயணத்துக்கும் இடையே 5 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மீறினால் வணிகச் சரக்காகக் கணக்கிட்டு வேறு விதிகளுக்குள் தள்ளிவிடுவார்கள். பிரிட்டனுக்கு நாயைக் கொண்டுபோனால் எல்லாவற்றையும்விட இறுக்கமான கெடு ஒன்று உண்டு. நாடாப்புழு மருந்தை, போய்ச் சேர்வதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் டாக்டர் கையால் கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். விமானம் இரண்டு நாள் தள்ளினாலே இது போய்விடும். 2025 மார்ச் 21 அன்று ஒரு துணை மின்நிலையத் தீவிபத்தால் லண்டன் ஹீத்ரோ விமான நிலையமே நாள் முழுக்க மூடிக் கிடந்தது. அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வாய்க்கலாம். மருந்தைக் கிளம்பும் நாளை ஒட்டியே கொடுக்கச் சொல்லுங்கள், இன்னொரு மாத்திரையும் வாங்கி வைத்திருங்கள்.

சென்னைக்கு டிக்கெட். விமானம் ரத்தானதால் திருச்சிக்கு மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

தனியாக வந்தால் வாங்கிக்கொள்ளலாம். பிராணியோடு கூடாது. வெளிநாட்டிலிருந்து நாய், பூனை வந்து இறங்க மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம் இருக்கும் ஊராக வேண்டும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறும் பழைய பட்டியல். 2024-இல் கொச்சியும் சேர்ந்தது. திருச்சி, மதுரை, கோவை இதில் இல்லை. நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் திருச்சி விமானத்துக்குப் பழகியவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மும்பை வழியாக மாற்றினாலும் உஷார். பிராணி இந்திய மண்ணில் முதலில் இறங்கும் இடத்தில்தான் சோதனை. தடையில்லாச் சான்றிதழை, அதாவது எல்லோரும் என்ஓசி என்று சொல்வதை, அந்த ஊர் நிலையம் கொடுத்திருக்க வேண்டும். சென்னைக்கு வாங்கியதை மும்பையில் நீட்ட முடியாது. சென்னைக்கான அலுவலகம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. விமான எண்ணோ தேதியோ மாறினால் உடனே பழைய என்ஓசியையும் புது டிக்கெட்டையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, திருத்தித் தரக் கேளுங்கள். போனில் மட்டும் சொல்லிவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

யார் வேண்டுமானாலும் நாயை இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

இல்லை. வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டாண்டு வசித்துவிட்டு நிரந்தரமாக நாடு திரும்புகிறவர், ஒருவருக்கு இரண்டு பிராணி வரை, பயணப் பொருளாகக் கொண்டுவரலாம். நாயும் பூனையும் மட்டுமே. மற்றவர்கள் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வாங்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். வேலை போய் ஒன்றரை ஆண்டில் திரும்புகிறவர்கள் இந்த விஷயத்தை முதல் நாளே கவனியுங்கள்.

போர், பேரிடர் என்றால் அரசு விதியைத் தளர்த்தாதா?

ஒரு முறை தளர்த்தியது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியபோது, அங்கே படித்த நம் மாணவர்கள் பலர் வளர்த்த நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வரமாட்டோம் என்று நின்றார்கள். மீட்பு விமானங்களில் அவற்றைக் கொண்டுவர கால்நடை பராமரிப்புத் துறை ஒரு முறைச் சலுகை அறிவித்தது. பதுங்குமிடத்தில் நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் படங்களை அப்போது பார்த்திருப்பீர்கள்.

அது அந்த நெருக்கடிக்கு மட்டுமான சலுகை. அடுத்ததிலும் கிடைக்கும் என்று நம்பிக் காகிதம் சேர்க்காமல் இருக்க வேண்டாம். சலுகை கொடுத்தாலும் மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) ரேபிஸ் ஊசிப் புத்தகமும் இருக்கிற பிராணிதான் முதலில் வரிசையில் நிற்கும். நாடு திரும்பும் எண்ணமே இல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் இன்றே முடித்து வையுங்கள். சிப் முதலில், ஊசி அதன் பிறகு. குறைந்தபட்சம் இரண்டும் ஒரே நாளில். சிப்புக்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பாவில் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கூண்டைக் கார்கோவில் ஒப்படைத்துவிட்டோம். அதன் பிறகு விமானம் ரத்து. என்ன செய்வது?

பயணிகள் முனையத்தில் சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் நாய் எங்கே என்று தெரியாது. நேரே கார்கோ முனையத்துக்குப் போங்கள், ஒருவர் போனில் கார்கோ அலுவலகத்தைப் பிடியுங்கள். உங்கள் கையில் இருக்க வேண்டியது ஏர்வே பில் எண், அதாவது சரக்கு ரசீதின் எண். 11 இலக்கம், முதல் மூன்றும் விமான நிறுவனத்தின் குறியீடு. அதைச் சொன்னால்தான் எந்தக் கூடத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது என்று தேடித் தருவார்கள்.

கேட்க வேண்டியவை மூன்று. குளிரூட்டிய இடத்தில் இருக்கிறதா? கடைசியாகத் தண்ணீர் எப்போது வைத்தார்கள்? இன்று கிளம்பாது என்றால் திரும்ப எங்களிடம் தருவீர்களா? மூன்றாவதுக்குச் சம்மதிக்கத் தயங்குவார்கள், ஏனென்றால் சுங்கத்தில் முடித்த ஏற்றுமதியைத் திரும்ப எடுக்க இன்னொரு கையெழுத்து வேண்டும். பொறுமையாக, விடாமல் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பூனை இப்படி இரவு முழுக்கக் கூடத்தில் இருந்து, காலையில் திரும்ப வந்தது. கிண்ணம் காய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது, தண்ணீர்க் கிண்ணத்தை முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்து, பனிக்கட்டியாகக் கூண்டில் மாட்டுங்கள். தூக்கி இறக்கும்போது சிந்தாது, மெல்ல உருகி மணிக்கணக்கில் கிடைக்கும். வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற முடிகிற கிண்ணமாக இருக்கட்டும். கூண்டின் தலையில் ஒரு வேளை உணவை ஒட்டி, எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று எழுதுங்கள்.

கூண்டுக்குப் பூட்டுப் போடாதீர்கள். அவசரத்தில் யாராவது திறக்க வேண்டியிருக்கும்.

கூண்டு அளவை எப்படி எடுப்பது? விமானத்தை மாற்றினால் கூண்டு நுழையாமல் போகுமா?

போகும். குழப்பமான நாட்களில் பெரிய விமானத்துக்குப் பதில் சிறியதை அனுப்புவார்கள். போயிங் 737-இன் சரக்குக் கதவு உயரம் 90 சென்டிமீட்டருக்கும் குறைவு. ராஜபாளையம் மாதிரி உயர்ந்த நாயின் கூண்டு அதற்குள் போகாது. டிக்கெட் மாற்றும்போது எந்த ரக விமானம் என்று கேட்பது உங்கள் வேலை. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அளவுக்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் உயிர்ப்பிராணி விதிகள்தான் அடிப்படை. மணிக்கு எடுத்த அளவையே சொல்கிறேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 80 சென்டிமீட்டர். தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை 36. தோள் அகலம் 22. நின்றபடி காது நுனி வரை உயரம் 66. கூண்டின் நீளம் 80-உடன் 36-இல் பாதி சேர்த்து 98. அகலம் 22-இன் இரு மடங்கு, 44. உயரம் 66-உடன் விரிப்பின் கனம். இது குறைந்தபட்சம். சப்பை மூக்கு இனங்களுக்கு 10 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

கூண்டைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டில் கதவைத் திறந்து வையுங்கள், உள்ளே சோறு வையுங்கள். எங்களுக்குத் தள்ளிப்போன 16 நாளில் கிடைத்த ஒரே நன்மை இது. நாலாவது நாளிலிருந்து மணி மதியத் தூக்கத்துக்குத் தானாகவே கூண்டுக்குள் போய்ப் படுக்க ஆரம்பித்தான்.

வழியில் விமானத்தைத் திருப்பி வேறு நாட்டில் இறக்கிவிட்டால்?

விமானத்தில் உயிருள்ள பிராணி இருப்பதை எழுத்தில் தலைமை விமானிக்குத் தெரிவிப்பது நடைமுறை, சரக்கறையின் வெப்பநிலையை அதைப் பார்த்துத்தான் வைப்பார். ஏறும்போது பணிப்பெண்ணிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இறங்கிய இடத்தில் நீண்ட நேரம் நின்றால் திரும்ப ஞாபகப்படுத்துங்கள்.

வழியில் மாறும் விமான நிலையத்தை முன்பே யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் 4,000 சதுர மீட்டரில் பிராணிகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது, கால்நடை மருத்துவர்களோடு. ஹீத்ரோவிலும் தனி வரவேற்பு மையம் உண்டு. அப்படி வசதி இல்லாத ஊரில் மூன்று மணி நேர மாற்றம் என்றால் காகிதத்தில் நன்றாகத்தான் தெரியும். அடுத்த விமானம் ரத்தானால் அந்த மூன்று மணி நேரம் முப்பதாகும். காசு கூடினாலும் நேரடி விமானமே என் தேர்வு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கப் பயணங்கள் நீண்டுவிட்டன, சில வழியில் எரிபொருளுக்கும் இறங்கின. பழைய கால அட்டவணையை நம்பிச் சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா?

கூடவே கூடாது. மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு மட்டுப்படும், கூண்டு சாயும்போது காலை ஊன்ற முடியாது. பக்கத்தில் பார்க்க ஆளும் இல்லை. மயங்கிய பிராணியை விமான நிறுவனங்கள் ஏற்பதும் இல்லை.

எங்களிடம் இருப்பது பக். கோடையில் அனுப்ப முடியுமா?

பக், புல்டாக், பாக்ஸர், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்குப் பிராணிகளுக்கு மூச்சுக்குழல் குறுகல். சூட்டில் மூச்சிரைத்தே உடம்பைக் குளிர்விக்க வேண்டிய பிராணிக்கு அந்த வழியே சரியாக இல்லை. பல நிறுவனங்கள் கோடையில் இவற்றை ஏற்பதே இல்லை. ஏற்கிறோம் என்று சொன்னாலும், வளைகுடாவின் ஜூன், ஜூலை, ஆகஸ்டில், அதிலும் விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பாத வாரங்களில் அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். அக்டோபர் வரை அங்கேயே ஒரு நல்ல வீட்டில் விட்டு வையுங்கள்.

நான் கிளம்பியே ஆக வேண்டும். பிராணியைப் பின்னால் அழைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் ஏற்பாடு இல்லாமல் கிளம்பினால் தெருவில்தான் போய் முடியும். ஒவ்வொரு நெருக்கடிக்குப் பிறகும் பூட்டிய ஃபிளாட்டுகளிலும் காப்பகங்களின் வாசலிலும் விடப்பட்ட பூனைகளைப் பார்க்கிறோம். நம்பகமான ஒருவர் பெயரில், பிராணியின் சிப் எண், உங்கள் பாஸ்போர்ட் எண் குறிப்பிட்டு அதிகாரக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மருத்துவரிடம் அழைத்துப்போகவும், ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கவும், கார்கோவில் ஒப்படைக்கவும் அவருக்கு அனுமதி என்று தெளிவாக இருக்கட்டும். அசல் ஊசிப் புத்தகத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அவரிடம் கொடுங்கள். இந்தத் தப்பை எத்தனையோ பேர் செய்கிறார்கள். இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் டாக்டர் செலவுக்கும் பணம் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் பயணத் தேதிக்கும் பிராணியின் தேதிக்கும் எவ்வளவு இடைவெளி அனுமதி என்பதைப் பள்ளிக்கரணை அலுவலகத்தில் எழுதிக் கேட்ட பிறகே டிக்கெட் போடுங்கள்.

பூனையை என்னோடு கேபினில் கொண்டுபோகிறேன். கவனிக்க வேண்டியது?

பாதுகாப்புச் சோதனைதான் ஆபத்தான இடம். பையை எக்ஸ்ரேயில் அனுப்பப் பூனையை வெளியே எடுக்கச் சொல்வார்கள். கூட்டமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து அது துள்ளினால் அவ்வளவுதான். வீட்டிலேயே ஹார்னஸ் (மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை) மாட்டிப் பழக்கி, வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எடுங்கள். தனி அறையில் சோதிக்கக் கேட்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா போகிறோம். இடையூறு வந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் புது விதி. நாய்க்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், சிப் வேண்டும். இந்தியா ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய்க்குப் பதிவுபெற்ற பராமரிப்பு மையத்தில் முன்பதிவு செய்து, அந்த மையம் இருக்கும் விமான நிலையத்திலேயே இறங்க வேண்டும். சில நிலையங்களில்தான் அது உண்டு. ஆகவே "வேறு ஊருக்கு மாற்றித் தருகிறோம்" என்பதை ஏற்கும் முன் மையத்தைக் கேளுங்கள். பூனைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகப் போக முடியாது. அனுமதிபெற்ற வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்து, மெல்பர்னுக்கு அனுப்ப வேண்டும். அங்கே மிக்கிள்ஹாம் தொற்றுத்தடுப்பு மையத்தில் முன்பதிவு வேண்டும். ஐரோப்பாவுக்கு ரேபிஸ் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஊசிக்கு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருந்தால், எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்தப் பரிசோதனை முடிந்த பிறகு அடுத்த ஊசியைக் கெடு தவறாமல் போட்டுக்கொண்டே வாருங்கள். விமானம் தள்ளிப்போன குழப்பத்தில் ஊசித் தேதியை விட்டுவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

பிராணிக்கு ஏதாவது ஆனால் நஷ்டஈடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பெட்டிக்குக் கிடைப்பதுபோல. 2019-இல் பியூனஸ் அயர்ஸிலிருந்து பார்சிலோனா போக வேண்டிய ஒரு நாய், விமானத்துக்குக் கொண்டுபோகும் வழியில் தப்பியோடிக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வழக்கில் 2025 அக்டோபர் 16 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், விமானப் பயண நஷ்டஈட்டுக்கான பன்னாட்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி பிராணியும் பயணப் பொருள்தான் என்று தீர்ப்பளித்தது. உச்சவரம்பு இப்போது 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். கார்கோவில் அனுப்பினால் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். பதியும்போதே சிறப்பு மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால்தான் இதற்கு மேல் கேட்க முடியும். அந்த நாயை வளர்த்தவரின் வலியை எந்த வரம்பும் அளக்காது. அறிவிப்புப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட் வைக்கலாமா?

முதல் தடவை என்றால் வையுங்கள். பன்னாட்டுச் செல்லப்பிராணிப் போக்குவரத்துச் சங்கமான இபாட்டாவில் உறுப்பினரா என்று அதன் பட்டியலில் நீங்களே பாருங்கள். நெருக்கடி நேரத்தில் "தனி விமானத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, இப்போதே பாதிப் பணம் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்குக் காசு அனுப்பாதீர்கள். விமானப் பதிவு எண்ணும் ஒப்பந்தமும் கேளுங்கள், ஏமாற்றுக்காரர் அந்த இடத்திலேயே காணாமல் போவார்.

வந்து இரண்டு நாளாகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது. பயப்பட வேண்டுமா?

தண்ணீர் குடித்து, சிறுநீர் போனால் நாய்க்கு ஓரிரு நாள் பொறுக்கலாம். பூனை ஒரு நாளுக்கு மேல் எதுவும் தின்னாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள், அதன் ஈரல் பட்டினியைத் தாங்காது. ஈறு வெளுத்திருந்தாலோ, மூச்சு வேகம் குறையாவிட்டாலோ, எந்தப் பிராணியானாலும் காத்திருக்க வேண்டாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மணி முதல் இரண்டு நாள் கூண்டுக்குள்ளேயே கிடந்தான். கூண்டை எடுத்து மாடியில் வைத்துவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இந்த வீட்டில் அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். மூன்றாம் நாள் விடிகாலை அம்மா வாசல் தெளிக்க வாளியோடு போனபோது, எழுந்து பின்னாலேயே போய் வாளித் தண்ணீரைக் குடித்தான்.